உப்புக்கு ஏன் வரி? சமூக அறிவியல் ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நடத்தும் ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகளில் தேர்ந்தெடுத்தவை இவை. ஒரே சந்தேகம் பல கடிதங்களில் வந்திருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: வாரம் தவறாமல் பாடக்குறிப்பு எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்குகிறேன். அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்து வழங்குதல், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல் என்று எல்லாக் கட்டமும் நிரம்பித்தான் இருக்கிறது. ஆனால் வகுப்புக்குள் போனால் நோட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எங்கே தவறு?
பட்டதாரி ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: கட்டங்களில் தவறில்லை. நிரப்பும் வரிசையில்தான் தவறு. எல்லோரும் மேலிருந்து கீழே எழுதிக்கொண்டு போகிறோம். மதிப்பீட்டுக் கட்டத்துக்கு வரும்போது கை வலித்துவிடும். 'பாடம் தொடர்பான வினாக்கள் கேட்டல்' என்று ஒரு வரியோடு முடித்துவிடுவோம். அந்தக் கட்டத்தை முதலில் எழுதுங்கள். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது எந்த ஒரு கேள்வியைக் கேட்பீர்கள்? அதற்கு நடுத்தரமாகப் படிக்கும் ஒரு பிள்ளை என்ன எழுதினால் 'புரிந்துவிட்டது' என்று ஒத்துக்கொள்வீர்கள்? கேள்வி, விடை இரண்டையும் முழு வாக்கியமாக எழுதிவிட்டால் மேலே உள்ள கட்டங்களில் எது வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பத்தாம் வகுப்பில் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தை எடுத்துக்கொள்வோம். 'மாணவர்கள் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் பற்றி அறிந்துகொள்வர்' என்ற நோக்கத்தை வைத்து எதையும் சோதிக்க முடியாது. அதற்குப் பதிலாக இப்படி வையுங்கள்: 'கையில் ஆயுதமே இல்லாத நூறு பேர் கடற்கரையில் உப்பு அள்ளியதை அரசு ஏன் பெரிய குற்றமாகப் பார்த்தது?' எதிர்பார்க்கும் விடை: உப்பு அரசின் ஏகபோகம், அனுமதியில்லாமல் எடுத்தால் சட்டமீறல், உப்பு இல்லாத வீடு கிடையாது, ஆகவே யார் வேண்டுமானாலும் இந்தச் சட்டத்தை மீறலாம், எல்லோரும் மீறிவிட்டால் அரசால் அத்தனை பேரையும் சிறையில் போட முடியாது. இதில் கடைசி இரண்டு கருத்தும் வந்துவிட்டால் பாடம் நடந்துவிட்டது என்று அர்த்தம்.

இனி 45 நிமிடத்தைப் பிரிப்போம். முதல் 5 நிமிடம் கரும்பலகையில் இரண்டே வரி. 'சபர்மதி – தண்டி: 12 மார்ச் முதல் 6 ஏப்ரல் 1930 வரை, சுமார் 385 கி.மீ.' 'திருச்சி – வேதாரண்யம்: 13 ஏப்ரல் முதல் 28 ஏப்ரல் 1930 வரை, சுமார் 240 கி.மீ.' ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ. நடந்தார்கள் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய 15 வரும். 'ரயில் இருந்த காலம்தானே, ஏன் நடந்தார்கள்?' என்று கேட்டுவிட்டு விடை சொல்லாமல் நகர்ந்துவிடுங்கள். அடுத்த 10 நிமிடம் வரைபடம். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் ஆகியவற்றைப் புள்ளி வைத்து இணைக்கட்டும். கோடு நேராகப் போகாமல் கும்பகோணம் பக்கம் வளைவதை யாராவது ஒரு பிள்ளை கவனித்துச் சொல்லும். யாரும் சொல்லவில்லையென்றால் நீங்கள் கேளுங்கள். ரயில் கேள்விக்கான விடை அங்கேயே கிடைத்துவிடும்: ஊர் ஊராகச் சனங்களைப் பார்த்துக்கொண்டே போவதற்குத்தான் நடை.

அடுத்த 15 நிமிடம் நான்கு பேர் கொண்ட குழுவாகப் படித்தல். படித்து முடித்ததும் நோட்டில் இரண்டு பத்தி: 'நடந்தவர்களும் ஊர்க்காரர்களும் செய்தது', 'அரசு செய்தது'. நடப்பவர்களுக்குச் சோறும் இடமும் கொடுக்கக் கூடாது என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தது ஒரு பத்தியில். ஊர்க்காரர்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டது மறு பத்தியில். ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளியது, ராஜாஜி கைதானது இரண்டும் எதிரெதிரே வரும். கலந்துரையாடலுக்கு 8 நிமிடம், கடைசிக் கேள்வியைத் துண்டுத்தாளில் எழுத 5 நிமிடம். மிச்சம் 2 நிமிடம் வருகைப்பதிவுக்கே போய்விடும்.

இந்தத் திட்டம் பெரும்பாலும் சறுக்குவது அறிமுகத்தில். காந்தியின் தென்னாப்பிரிக்க ரயில் சம்பவம், ஒத்துழையாமை, சௌரி சௌரா என்று பின்னால் போய்ப் போய் இருபது நிமிடம் கரைந்துவிடும். முன்கதை வேண்டுமானால் முந்தைய நாளே நான்கு வரியாகக் கொடுத்துவிடுங்கள். இன்னொரு சறுக்கல், 'வரி' என்ற சொல்லே பிள்ளைகளுக்குப் பிடிபடாமல் இருப்பது. அடுத்த பதிலில் அதற்கு வழி இருக்கிறது.

வகுப்பு முடிந்ததும் சிவப்பு மையில் ஒரு வரி எழுதுங்கள். 'வரைபடத்துக்கு 10 நிமிடம் போதவில்லை. பாதிப் பேருக்கு மன்னார்குடி எங்கே என்று தெரியவில்லை. அடுத்த முறை ஊர்ப் பெயரை நானே குறித்துத் தர வேண்டும்.' அடுத்த ஆண்டு அந்த நோட்டில் நீங்கள் திரும்பப் படிக்கப்போவது அந்தச் சிவப்பு வரியை மட்டும்தான்.

கேள்வி: பத்தாம் வகுப்பில் மொத்தம் 27 பாடம். அரையாண்டுக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். ஓடி ஓடி முடித்தாலும் கடைசிப் பாடங்கள் வெறும் வாசிப்பாகப் போய்விடுகின்றன.
கரூர்

பதில்: முதலில் கையில் இருக்கும் பீரியடை எண்ணுங்கள். ஜூன் தொடக்கத்திலிருந்து அரையாண்டுத் தேர்வு வரை சுமார் 27 வாரம் என்று வைத்துக்கொள்வோம். காலாண்டுத் தேர்வு, விடுமுறை, பண்டிகை, மழை எல்லாம் சேர்த்து 6 வாரத்தைக் கழியுங்கள். வாரத்துக்கு 5 பீரியட் என்றால் 105 வரும். சிறு தேர்வுக்கும் திருத்திய தாளைத் திருப்பிப் பேசவும் 15 ஒதுக்கினால் மிச்சம் 90. இதை 27 பாடத்துக்குச் சமமாகப் பிரித்தால் பாடத்துக்கு மூன்றுக்குச் சற்று மேல் என்று கணக்குக் காட்டும். அப்படிப் பிரிக்காதீர்கள். வரலாறு 10 பாடத்துக்கு 40, புவியியல் 7 பாடத்துக்கு 28, குடிமையியல் 5 பாடத்துக்கு 12, பொருளியல் 5 பாடத்துக்கு 10 என்று வையுங்கள். வரலாற்றுக்குள்ளேயும் காந்திய காலகட்டத்துக்கு 5, இரண்டாம் உலகப்போருக்கு 3 என்று ஏற்ற இறக்கம் இருக்கட்டும்.

அடுத்தது வரிசை. புத்தகத்தில் வரலாறு முதலில் வருகிறது என்பதற்காக பத்தையும் நடத்திவிட்டுப் புவியியலுக்குப் போனால் ஜூனில் நடத்தியது நவம்பரில் நினைவில் இருக்காது. பாடங்களைக் கோர்த்து நடத்துங்கள். 'அரசாங்கமும் வரிகளும்' பொருளியல் பாடத்தைக் காந்திய காலகட்டத்துக்கு முந்தைய வாரம் நடத்தினால் நேர்முக வரி, மறைமுக வரி வித்தியாசம் கையில் இருக்கும்போதே உப்பு வரி வந்து நிற்கும். கூலிக்காரர் வாங்கும் உப்புக்கும் மிராசுதார் வாங்கும் உப்புக்கும் ஒரே வரி என்று சொன்னதும் பிள்ளைகளுக்கே கோபம் வரும். இந்திய அரசியலமைப்பை விடுதலைப் போராட்டத்துக்கு அடுத்ததாகவும், உலகமயமாதலை இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய உலகத்துக்கு அடுத்ததாகவும் வைக்கலாம். இப்படி மாற்றி நடத்துவதைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். காலாண்டுக்கான பாடப்பகுதி மாவட்ட அளவில் பொதுவாக இருந்தால் அந்த எல்லைக்குள் மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: வரைபடம் எளிதான மதிப்பெண் என்கிறார்கள். என் வகுப்பில் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.
ஆசிரியர், அருப்புக்கோட்டை

பதில்: தேர்வுக்கு முந்தைய மாதம் மொத்தமாகப் பயிற்சி கொடுப்பதால் வரும் வினை. வாரம் ஒரு நாள், பத்து நிமிடம், ஐந்து இடம். அதற்கு மேல் வேண்டாம்.

பிள்ளைகள் இடத்தை மனப்பாடமாக 'இந்த மூலையில்' என்று நினைவில் வைக்கிறார்கள். வெற்று வரைபடத்தின் அளவு மாறியதும் மூலையும் மாறிவிடுகிறது. அதனால் எதைக் குறிப்பதானாலும் முதலில் பென்சிலால் மெல்லிசாக இரண்டு கோடு போடப் பழக்குங்கள்: 23°30' வடக்கில் கடகரேகை, 82°30' கிழக்கில் திட்டத் தீர்க்கரேகை (இந்திய நேரத்தைக் கணக்கிடும் கோடு). இரண்டும் சத்தீஸ்கரின் வட பகுதியில் வெட்டிக்கொள்ளும். அந்தக் குறுக்கு விழுந்துவிட்டால் 'நர்மதை கடகரேகைக்குக் கீழே, மேற்கு நோக்கி', 'சோட்டா நாகபுரி குறுக்குக்குக் கிழக்கே' என்று இடத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிடும்.

திருத்தும்போது மறுபடி மறுபடி வரும் தவறுகள் சில. மலைத்தொடரைப் புள்ளியாக வைப்பது. ஆரவல்லியைக் கோடாகவோ நிழலாகவோ காட்ட வேண்டும். மண் வகையை எழுத்தில் மட்டும் எழுதி எல்லை காட்டாமல் விடுவது. தென்மேற்குப் பருவக்காற்றின் அம்புக்குறியைக் கடலை நோக்கித் திருப்பி வைப்பது. சோழமண்டலத்தையும் மலபாரையும் இடம் மாற்றுவது. மன்னார் வளைகுடா, பாக் நீரிணை குழப்பம்: இராமேசுவரத் தீவுக்கு வடக்கே இருப்பது பாக், தெற்கே இருப்பது மன்னார். ஒவ்வொரு வாரமும் எந்தத் தவறு எத்தனை பேரிடம் வந்தது என்று குறித்து வையுங்கள். மூன்றாவது வாரத்தில் நாற்பது பேருக்கும் ஒரே பயிற்சி தேவையில்லை என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: 5 மதிப்பெண் விடைக்கு இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். நீளத்தைப் பார்த்து மதிப்பெண் போடுகிறேனோ என்று எனக்கே சந்தேகம்.
பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்: சந்தேகம் வந்ததே நல்லது. 'வேலூர் புரட்சிக்கான காரணங்களை விளக்குக' என்ற கேள்விக்கு வரக்கூடிய இரண்டு விடைகளைப் பாருங்கள்.

முதல் விடை, அழகான கையெழுத்தில்: 'வேலூர் புரட்சி 1806 ஜூலை 10 அன்று நடைபெற்றது. சிப்பாய்கள் அதிகாலையில் கோட்டையைக் கைப்பற்றினர். கர்னல் பேன்கோர்ட் கொல்லப்பட்டார். கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் வந்து புரட்சியை அடக்கினார். திப்புவின் மகன்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.' இரண்டாவது விடை: 'சிப்பாய்ங்களுக்குப் புதுத் தலைப்பாகை குடுத்தாங்க. அதுல தோல் குஞ்சம் இருந்துச்சு. நெத்தியில குறி போடக்கூடாது, தாடி எடுக்கணும்னு சொன்னாங்க. சம்பளமும் கம்மி, பதவி உயர்வு இல்ல.'

அவசரத்தில் திருத்தினால் முதலாவது 4, இரண்டாவது 2 வாங்கிவிடும். முதலாவதில் எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் காரணம் ஒன்றுகூட இல்லை. இரண்டாவதில் நான்கு காரணம் இருக்கிறது, பேச்சுத் தமிழில்.

திருத்தத் தொடங்கும் முன் ஒரு துண்டுச் சீட்டில் பங்கீட்டை எழுதிக்கொள்ளுங்கள். பொருந்தும் காரணம் ஒவ்வொன்றுக்கும் 1, அதிகபட்சம் 3. ஏதேனும் ஒரு காரணம் சிப்பாய்களை ஏன் அப்படிப் பாதித்தது என்று விளக்கினால் 1. நெடுநாள் குறையையும் உடனடிக் காரணத்தையும் பிரித்துக் காட்டினால் 1. இதன்படி இரண்டாவது விடை 3 வாங்கும். 'தோல் என்றால் ஏன் கோபம்?' என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தால் அடுத்த முறை 4 வாங்கும். முதல் விடைக்கு 0 போட மனம் வராது. 'கேட்டது காரணம், நீ எழுதியது நிகழ்ச்சி' என்று எழுதி, அதே பிள்ளையை மறுநாள் மூன்று காரணம் எழுதச் சொல்லி வாங்குங்கள். பேச்சுத் தமிழுக்கு உள்தேர்வில் மதிப்பெண் குறைக்காமல், திருத்தி மட்டும் கொடுங்கள். பொதுத்தேர்வுக்குள் எழுத்துநடை பழகிவிட வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

ஒரு தாளை முழுக்கத் திருத்திவிட்டு அடுத்த தாளுக்குப் போகாமல், எல்லாத் தாளிலும் ஒரே கேள்வியைத் திருத்தி முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். ஐந்து தாள் ஆனதும் நிறுத்தி முதல் தாளைத் திரும்பப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் திருத்திய தாள்களைக் காலையில் ஒரு முறை புரட்டுவது நல்லது. கை இறுகுவதும் தளர்வதும் அந்த நேரத்தில்தான்.

பொதுத்தேர்வு மதிப்பீட்டு மையத்தில் இந்தப் பங்கீடு செல்லாது. அங்கே கொடுக்கும் விடைக்குறிப்புத்தான்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் வாரந்தோறும் ஆயத்தப் பாடக்குறிப்பு பி.டி.எஃப். வருகிறது. பயன்படுத்தலாமா? நாங்களும் பகிர ஆசைப்படுகிறோம், எப்படிப் பகிர்வது?
மூன்று ஆசிரியர்கள், பெரம்பலூர்

பதில்: பயன்படுத்தலாம், பார்த்து எழுதாதீர்கள். அந்தப் பாடக்குறிப்பை எழுதியவர் வகுப்பில் எத்தனை பேர், பீரியட் எத்தனை நிமிடம், பிள்ளைகள் எந்த அளவு படிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. அவருடைய கடைசிக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் நிமிடக் கணக்கை நீங்கள் போடுங்கள்.

பகிரும்போது முதல் தொல்லை எழுத்துரு. பள்ளிக் கணினியில் வானவில்லிலோ பாமினியிலோ தட்டச்சு செய்த கோப்பை அப்படியே அனுப்பினால், வாங்குபவர் போனில் திறந்ததும் கொத்துக் கொத்தாக ஆங்கில எழுத்தும் குறியும்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, திருத்தக்கூடிய கோப்பு ஒன்று, அச்செடுக்க பி.டி.எஃப். ஒன்று என இரண்டாக அனுப்புங்கள். மாற்றிய பிறகு 'கொ, கோ, கௌ' வரும் சொற்களை ஒருமுறை பாருங்கள்; கொம்பும் காலும் பிரிந்து நிற்பது அங்கேதான். கோப்புப் பெயரில் வகுப்பு, பிரிவு, பாட எண், பீரியட் கணக்கு இருக்கட்டும்: '10 வரலாறு 09 வேதாரண்யம் ஒரு பீரியட்'. 'லெசன் பிளான் நியூ ஃபைனல் 2' என்ற பெயரில் வந்ததை ஆறு மாதம் கழித்து யாராலும் தேடி எடுக்க முடியாது.

இரண்டாவது, கோப்பின் தலையில் நான்கு வரி: எத்தனை பிள்ளைகளோடு நடத்தியது, எது நன்றாக ஓடியது, எது சறுக்கியது, நேரம் போதுமா. சறுக்கியதை எழுதாத பாடக்குறிப்பைப் பகிர்வதும் பகிராமல் இருப்பதும் ஒன்றுதான்.

மூன்றாவது, சில எச்சரிக்கைகள். மாணவர் விடைத்தாளைப் படமெடுத்துப் போடுவதானால் பெயரும் தேர்வெண்ணும் மறைய வேண்டும். இணையத்தில் கண்ணில் பட்ட இந்திய வரைபடத்தை ஒட்டாதீர்கள். ஜம்மு காஷ்மீர் எல்லை தவறாக இருக்கும் வரைபடம் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தையோ பாடநூல் வரைபடத்தையோ எடுங்கள். இன்னொருவர் உழைப்பில் வந்த படமோ பயிற்சித்தாளோ என்றால் அவர் பெயரைப் போடுங்கள். இது மரியாதைக்காக மட்டும் அல்ல, பிழை இருந்தால் யாரிடம் சொல்வது என்று தெரியவும்தான்.

கேள்வி: ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்க வேண்டும் என்கிறார் தலைமையாசிரியர். இன்ஸ்பெக்‌ஷன் போல இருக்கிறது. பின்னால் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் சங்கடம்.
திண்டுக்கல்

பதில்: பின்னால் உட்கார்வதுதான் சிக்கலே. அங்கிருந்து பார்த்தால் ஆசிரியர் முகமும் பிள்ளைகள் பிடரியும்தான் தெரியும். பக்கவாட்டில், பிள்ளைகள் முகம் தெரியும்படி உட்காருங்கள். ஜப்பானியப் பள்ளிகளில் நெடுங்காலமாக இருக்கும் பழக்கம் இது: இரண்டு மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பார்கள், பிறகு பாடத்தைத் திருத்துவார்கள். பாடம் மூவருடையது என்பதால் விமர்சனம் நடத்தியவர் தலையில் விழாது.

முந்தைய நாள் பத்து நிமிடம் உட்கார்ந்து கவனிக்கப்போகும் ஒரே விஷயத்தை முடிவு செய்யுங்கள். 'குழுவில் படிக்கும்போது யார் வாய் திறக்கவில்லை?' என்பது போதும். பார்ப்பவருக்கு இருக்கை வரைபடம் ஒன்று கொடுங்கள். பேசும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு. மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அவர்கள் நோட்டில் எழுதுவதை மட்டும் பார்க்கட்டும்: நன்றாகப் படிப்பவர் ஒருவர், நடுத்தரம் ஒருவர், தடுமாறுபவர் ஒருவர். அன்றைக்கே இருபது நிமிடம் பேசுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் 'நல்லா இருந்துச்சு சார்' என்பதோடு முடிந்துவிடும். முதலில் நடத்தியவர் பேசட்டும். பார்த்தவர் 'நீங்கள்' என்று தொடங்காமல் 'ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த நாலு பேரும்' என்று தொடங்கட்டும். இந்தத் தாள் எச்.எம். மேசைக்குப் போகக் கூடாது என்பதை அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போனால் அடுத்த மாதம் எல்லோரும் ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் நடத்துவார்கள். குறுவள மையக் கூட்டத்தில் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டம்) பேசுவதற்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

கேள்வி: வளரறி மதிப்பீட்டுச் செயல்பாட்டுக்கு (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) எல்லோரும் கடையில் வாங்கிய படத்தை ஒட்டிக்கொண்டு வருகிறார்கள்.
ஏழாம் வகுப்பு ஆசிரியை, சேலம்

பதில்: வீட்டுக்கு அனுப்பினால் அப்படித்தான் வரும். வளரறியில் செயல்பாடுகளுக்கான 'அ' பகுதியை வகுப்பிலேயே, ஒரே பீரியடில் முடியும்படி வையுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டியது தகவல் மட்டும். குடிமையியலுக்குக் கிராமசபை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் நடக்கிறது. வீட்டில் ஒருவரிடம் மூன்றே கேள்வி: கடைசியாக எப்போது போனீர்கள், என்ன பேசினார்கள், போகவில்லை என்றால் ஏன்? மறுநாள் வகுப்பில் பதில்களைப் பட்டியலாக்கி, காரணங்களை வகைப்படுத்தி, நாலு வரி முடிவு எழுதட்டும். 10 மதிப்பெண்ணில் தகவலுக்கு 3, வகைப்படுத்தியதற்கு 3, முடிவு தகவலோடு பொருந்துகிறதா என்பதற்கு 3, தெளிவுக்கு 1. அலங்காரத்துக்கு எதுவும் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டால் ஜிகினா தானாக நின்றுவிடும். டவுன் பள்ளியாக இருந்தால் வார்டு, குடிநீர், குப்பை என்று கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'தமிழ்நாட்டில் சமூக மாற்றங்கள்' பாடத்தை நடத்தும்போது வகுப்பில் சாதிப் பேச்சு எழுந்துவிடுமோ என்று பயந்து வேகமாக ஓட்டிவிடுகிறேன்.
பெயர், ஊர் வேண்டாம்

பதில்: ஓட்டினாலும் பேச்சு எழும், நீங்கள் இல்லாத இடத்தில் எழும். செய்யக் கூடாதவை மூன்று: பிள்ளைகளிடம் எந்தக் காரணத்துக்காகவும் சாதி கேட்காதீர்கள், 'நீ மேல்சாதி, நீ கீழ்சாதி' என்று நடிக்க வைக்காதீர்கள், ஒரு பிள்ளையை அதன் சமூகத்தின் சார்பில் பேசச் சொல்லாதீர்கள். நடிப்பு விளையாட்டு மணி அடித்ததும் முடிவதில்லை. பெயர் ஒட்டிக்கொண்டு விளையாட்டு மைதானம் வரை போகும்.

பேச்சை ஆவணத்தின் மீது வையுங்கள். 1916இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் (நீதிக்கட்சி), 1921இல் அரசு வேலையில் இடஒதுக்கீடு தந்த வகுப்புவாரி அரசாணை, 1925இல் சுயமரியாதை இயக்கம், 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம், 1967இல் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிய சட்டத் திருத்தம். இந்த ஐந்தையும் அட்டையில் எழுதிக் கொடுத்து ஒரே கேள்வி: 'இந்தச் சட்டமோ அமைப்போ வருவதற்கு முந்தைய நாள், யாரால் எதைச் செய்ய முடியாமல் இருந்தது?' விடையைப் பாடநூல் வரியைச் சுட்டித்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. யாராவது கேலியாகப் பேசினால் வகுப்பை நிறுத்தி, 'எந்த வரியில் இருக்கிறது, காட்டு' என்று கேளுங்கள். அடங்காத பேச்சு என்றால் அந்தப் பிள்ளையிடம் தனியாக, அன்றைக்கே.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். மனவரைபடம் எல்லாம் அவர்களுக்கு எப்படி?
ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: மனவரைபடம் கடைசியில்தான். முதலில் அவர்கள் படிக்க வேண்டிய பத்தியைச் சுருக்கி 60, 70 சொல்லில் நீங்களே எழுதிக் கொடுங்கள். வாக்கியத்துக்கு ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். 'ஏகாதிபத்தியம்', 'காலனியாதிக்கம்' போன்ற சொற்களை நீக்காதீர்கள், தேர்வில் அவைதான் வரும்; பாடத்துக்கு ஆறு சொல் வீதம் முதலில் பலகையில் எழுதி வாய்விட்டுச் சொல்ல வைத்து, பிறகு பத்தியைக் கொடுங்கள். பக்கத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கட்டும், ஆனால் விரலை வைத்துப் படிப்பவர் தடுமாறுபவராகவே இருக்கட்டும். விடையை முதல் மாதம் வாய்மொழியாக வாங்குங்கள். 'மெல்லக் கற்போர்' என்று தனி பெஞ்சு போடுவதால் படிப்பு வருவதில்லை, வெட்கம்தான் வருகிறது.

கேள்வி: பள்ளி அளவில் வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம். எதைக் கவனிக்க வேண்டும்?
நாமக்கல்

பதில்: வடிவம் உங்களுக்குத் தெரிந்ததே: பத்தாம் வகுப்பில் ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 20, ஐந்து மதிப்பெண் 50, எட்டு மதிப்பெண் 16, ஆக 100. ப்ளூ பிரிண்டை (எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி என்ற திட்ட அட்டவணை) பாட எண்ணால் மட்டும் நிரப்பாமல் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு 'நினைவு', 'விளக்கம்', 'ஒப்பிடல்', 'காரணம்' என்று குறியுங்கள். பெரும்பாலும் முக்கால்வாசி 'நினைவு' என்று வந்து நிற்கும்.

ஒரு மதிப்பெண்ணில் தவறான விடைகளை யோசித்து எழுதுவதுதான் வேலை. 'வேலூர் புரட்சி நடந்த ஆண்டு' என்று கேட்டு 1806, 1857, 1947, 2001 என்று கொடுத்தால் பாடம் படிக்காத பிள்ளையும் பாதியை அடித்துவிடும். அதற்குப் பதில் கால வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்: திருச்சிராப்பள்ளிப் பிரகடனம், கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது, ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ச்சி, வேலூர் புரட்சி. சரியான வரிசை: ஸ்ரீரங்கப்பட்டணம் (மே 1799), கட்டபொம்மன் (அக்டோபர் 1799), பிரகடனம் (ஜூன் 1801), வேலூர் (ஜூலை 1806). திப்பு வீழ்ந்ததற்கும் அவர் மகன்கள் வேலூர்க் கோட்டையில் இருந்ததற்கும் உள்ள தொடர்பு தெரிந்தவர் முதலையும் கடைசியையும் ஆண்டு நினைவில்லாமலே வைத்துவிடுவார்.

தேர்வு முடிந்ததும் மொத்த மதிப்பெண்ணில் முதல் பத்துத் தாள், கடைசிப் பத்துத் தாள் எடுத்து ஒவ்வொரு ஒரு மதிப்பெண் கேள்விக்கும் எத்தனை பேர் சரி என்று எண்ணுங்கள். கடைசிப் பத்தில் அதிகம் பேர் சரியாக எழுதி, முதல் பத்தில் தவறியிருந்தால் உங்கள் விடைக்குறிப்பில் பிழை, அல்லது கேள்வியில் இரண்டு பொருள். இருபது பேரும் சரி என்றால் அந்தக் கேள்வி எதையும் பிரித்துக் காட்டவில்லை. முதல் கேள்வியாக வைத்துப் பயம் தெளிய மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எங்கள் வகுப்புச் சுவரில் தொங்கும் தமிழ்நாடு வரைபடத்தில் 32 மாவட்டம்தான். புதிது வாங்க நிதியில்லை.
நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: கழற்ற வேண்டாம். ஒட்டுத்தாளில் எல்லை வரைந்து ஆறு பெயரை ஒட்டுங்கள். 2019இல் வந்தவை கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர். 2020இல் வந்தது உங்கள் மாவட்டத்திலிருந்தே பிரிந்த மயிலாடுதுறை. இப்போது 38. கில்லெஸ்பி படை கிளம்பிய ஆற்காடு இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது, வேலூரில் இல்லை. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். 1956இல் மாநிலத்தில் 13 மாவட்டம்தான் இருந்தது. அந்தப் பட்டியலையும் பக்கத்தில் ஒட்டிவிட்டு, தங்கள் ஊர் அன்று எந்த மாவட்டத்தில் இருந்தது என்று தேடச் சொல்லுங்கள். பசைக்கு மட்டும் செலவு.